நவம்பரில் நகரும் ஒரு மணி நேரம்: காட்பாடி நாட்குறிப்பு

அக்டோபர் 25, 2025, சனி

லண்டன், நியூயார்க் அலுவலகங்களோடு வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நமக்கான குறிப்பு இது. அங்கே கோடைக்கு முன்னால் தள்ளிய கடிகாரத்தைக் குளிர்காலத்துக்குத் திருப்பி வைப்பார்கள், மார்ச்சில் மறுபடி முன்னால். நாளை லண்டன் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகிறது. நியூயார்க்கில் அது நவம்பர் 2-ல்தான். நடுவில் உள்ள வாரம்தான் குழப்பம். லண்டன் காலை 10 மணிக் கூட்டம் நமக்கு 2.30-லிருந்து 3.30-க்குப் போகும், பள்ளி வேன் வருகிற நேரம். நியூயார்க் காலை 9 மணி ஒரு வாரம் 6.30-லேயே நிற்கும், பிறகு 7.30. அடுப்பும் பிள்ளையின் சாப்பாடும் கூட்டமும் ஒன்றாக விழும் நேரம் அது.

அக்டோபர் 27, திங்கள்

கூட்ட அழைப்பைத் திறந்து எந்த நேர மண்டலத்தில் போட்டிருக்கிறது என்று பாருங்கள். நியூயார்க் என்றால் நகர்வது நாம்; கொல்கத்தா (காலண்டரில் இந்திய நேரத்துக்கு அந்தப் பெயர்தான்) என்றால் அவர்கள். வேண்டுமென்று யாரும் செய்வதில்லை, அழைப்பை முதலில் அனுப்பியவரின் ஊர் அப்படியே ஒட்டிக்கொள்கிறது.

நியூயார்க் மேலாளரிடம் "வீட்டில் சிரமம்" என்று ஆரம்பித்தால் பேச்சு வேறெங்கோ போகும். "நவம்பர் 3 முதல் மார்ச் 6 வரை உங்கள் காலை 8-க்கு வைக்கலாமா?" என்று தேதியோடு கேளுங்கள். முடியாதென்றால் வாரம் இரண்டு நாள் கூட்டம், மற்ற நாள் எழுத்தில்.

அக்டோபர் 30, வியாழன்

மழைக்காலம், கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. லேப்டாப் 60 வாட், ஃபேன் 70, லைட் 20, ரவுட்டர் 15. இவ்வளவையும் 150 ஏஎச் இன்வெர்ட்டர் பேட்டரி புதிதென்றால் ஆறு மணி நேரம் தாங்கும். நாலு வருடப் பழசென்றால் பாதிகூட நிச்சயமில்லை.

பெரும்பாலும் கவிழ்ப்பது மிக்ஸிதான். 900 விஏ இன்வெர்ட்டர் ஏறத்தாழ 700 வாட்தான் தாங்கும், மிக்ஸியே 750. சட்னிக்கு ஒரு சுற்று விட்டதும் இன்வெர்ட்டர் கத்தி அணைகிறது, ரவுட்டர் திரும்ப எழ மூன்று நிமிடம். சமையலறை பிளக்கை இன்வெர்ட்டர் லைனிலிருந்து எலக்ட்ரீஷியனை விட்டுப் பிரித்துவிடுங்கள். ரவுட்டருக்கு மினி யுபிஎஸ் வாங்கினால் அடாப்டரில் 12 வோல்ட்டா 9 வோல்ட்டா என்று பார்த்து வாங்க வேண்டும், 9 வோல்ட் ரவுட்டரில் 12 வோல்ட்டைச் செருகினால் ரவுட்டர் போய்விடலாம். ஃபைபர் பெட்டி தனியாக இருந்தால் அதற்கும் சேர்த்து.

நவம்பர் 3, திங்கள்

ஆன்-கால், அதாவது கணினி வேலை தடைபட்டால் போனில் எழுப்பப்படும் முறையில் இருக்கும் பெண்களுக்கு இன்றுதான் அடி. நியூயார்க் நேரத்தில் இரவு 10-க்குக் கணினியில் தானாக ஓடும் வேலை நமக்குக் காலை 7.30-லிருந்து 8.30-க்குத் தள்ளிப்போய்விட்டது. அதன் தரவை நம்பியிருக்கும் அறிக்கை ஓடுவது யுடிசியில் (எந்தப் பருவத்திலும் மாறாத உலகப் பொது நேரம்) 2.30, அதாவது நமக்கு எப்போதும் காலை 8. தரவு வருவதற்கு முன்பே அறிக்கை ஓடி, பிள்ளைக்குத் தலை பின்னும் நேரத்தில் போன் அலறும். கடிகாரத்தை நம்பாமல், முந்தைய வேலை முடிந்தால் மட்டும் அடுத்தது தொடங்கும்படி கட்டினால் போதும். அவசரத்துக்கு அறிக்கையை 9.15-க்குத் தள்ளலாம், ஆனால் மார்ச்சில் திரும்பப் பார்க்க வேண்டும்.

நவம்பர் 5, புதன்

சென்னை அலுவலகத்துக்குப் போகும் நாளில் மாலைக் கூட்டம் வேண்டவே வேண்டாம். சென்ட்ரலிலிருந்து காட்பாடி 130 கி.மீ., விரைவு ரயிலில் இரண்டு மணி நேரம். வழியில் சிக்னல் விட்டு விட்டுத்தான். அந்த நாட்களை "வெளியே" என்று காலண்டரிலேயே 5 மணி முதல் அடைத்துவிடுங்கள்.