சவுண்டு கார்டும் செந்தூரா கன்னும்

போன வாரம் பூரா எனக்கு இருந்த ஒரே கவலை, லேப்டாப்புல பாட்ட ஸ்பீக்கருக்கு அனுப்புற சவுண்டு கார்ட மாத்தலாமா வேணாமான்னுதான். ஸ்பீக்கர்ல ஒயரை சொருகுனா போதும், பாட்டுக்குப் பின்னாடியே "ங்ங்ங்ங்"னு ஒரு சத்தம் வரும். அம்மா ரெண்டு தடவ "மோட்டார நிறுத்தலையாடா"ன்னு கேட்டுட்டாங்க.

சரி செலவு பண்ணிடலாம்னு கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் ஒரு கடைக்குத் தூக்கிட்டுப் போனேன். கடைத்தம்பி லேப்டாப்ப தொறந்துகூட பாக்கல. "அண்ணா, இதுல கார்டுன்னு தனியா எதுவும் கெடையாதுங்ணா, மதர்போர்டுலயே சின்னதா ஒரு சிப்ப சால்ட்ரிங் பண்ணிருப்பாங்க, கழட்டி மாத்துற வேலையெல்லாம் இல்ல"ன்னுட்டு யூஎஸ்பில சொருகுற ஒண்ண எடுத்து மேசைல வெச்சான். அட்டைல 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. சீடிக்கே 16 பிட், 44.1 தான். மனுசன் காதுக்கு 20 கிலோஹெர்ட்ஸ தாண்டி ஒண்ணும் கேக்காது, இந்த 192ங்கிறது சத்தத்த செகண்டுக்கு எத்தன ஆயிரம் தடவ அளக்குதுங்கிற கணக்கு, அதுல பாதி, அதாவது 96 கிலோஹெர்ட்ஸ் சத்தம் வரைக்கும் பதிவு பண்ணலாம், மிச்சத்த எங்க தோப்புல தொங்குற வௌவாலுங்கதான் கேக்கணும். இவ்ளோ தெரிஞ்சும் 1,400 ரூபா குடுத்து வாங்குனேன் பாருங்க, அங்கதான் நிக்கிறேன் நான்.

வீட்டுக்கு வந்து சொருகுனா அதே "ங்ங்ங்ங்". இப்ப 24 பிட்டுல.

ஓசூர்ல எலக்ட்ரானிக்ஸ் கம்பெனில இருக்குற மச்சானுக்கு போன் போட்டேன். "சார்ஜர கழட்டிட்டுக் கேளு மாப்ள"ன்னான். என் பேட்டரி பத்து நிமிசம்கூட தாங்காது, அதனால எப்பவும் சார்ஜர்லயேதான் கெடக்கும். கழட்டுனேன், சத்தம் கப்சிப். "தகட்டுல கை வெச்சா சுருசுருன்னு இருக்குமா?" "ஆமா, நல்ல லேப்டாப்னா அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்." கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சே இல்ல. அப்புறம் சொன்னான், சார்ஜர்ல இருந்து துளி கரண்ட்டு பாடிக்கு கசியுமாம், அது மூணாவது பின் வழியா எர்த்துக்குப் போயிடணும், எர்த் இல்லன்னா ஸ்பீக்கர் ஒயர்ல பூந்து 50 ஹெர்ட்ஸ்ல பஜனை பாடுமாம். கார்டு எதுவானாலும் அதே லேப்டாப்புல இருந்துதான கரண்ட்டு எடுக்குது, அப்புறம் எப்படி நிக்கும்.

டார்ச்ச எடுத்துட்டு வீட்டுக்குப் பின்னாடி போனேன். எர்த் குழிக்குப் போற பச்சை ஒயரு நடுவுல துண்டா நிக்குது, கடப்பாறை பட்ட மாதிரி தட்டையா நசுங்கி. அதுக்கு ஒரு ஜாண் தள்ளி, சுத்தி வட்டமா பாத்தி கட்டி, முள்ளு வெச்சு, அப்பா போன மாசம் சந்தூர்ல இருந்து வாங்கியாந்த செந்தூரா மா ஒட்டுக்கன்னு, ரெண்டு புது எலை விட்டு ஜம்முனு நிக்குது.

அப்பாவ கூப்ட்டு காட்டுனேன். ஒயர ஒரு பார்வை, கன்ன ஒரு பார்வை.

"குழி வெட்டறப்ப ஏதோ வேரு மாட்டுச்சுன்னு நெனச்சேன்."

"பச்சைக் கலர்லயாப்பா வேரு இருக்கும்?"

"சரி சரி, கன்ன இனிமே நகத்த முடியாது, வேர் புடிச்சிருச்சு. உன் ஒயர வேணா சுத்தி இழுத்துக்கோ."

எலக்ட்ரீசியன் வந்து கன்ன சுத்தி புது ஒயரு இழுத்தாரு, 600 ரூபா. சத்தம் போயிடுச்சு. அந்த 1,400 ரூபா கார்டு டப்பாவுல கெடக்கு, கடைல திருப்பி எடுக்க மாட்டாங்களாம், ஓசூர் மச்சான் "எனக்குக் குடுத்துடேன்"னு நேத்துல இருந்து கேட்டுட்டே இருக்கான்.