லாகீசின் கொத்தளமும் எசேக்கியாவின் நிருபமும்

லாகீஸ் மேட்டின் தென்மேற்கு மூலையில், பழைய மதிலை நோக்கிச் சரிவாக ஏறும் அந்தக் கற்குவியலின் அருகே எங்கள் யாத்திரைக் குழு நின்றபோது வெயில் இன்னும் ஏறியிருக்கவில்லை. எருசலேமுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தூரத்திலுள்ள இந்த இடத்திற்கு நம் ஊர்க் குழுக்கள் அதிகம் வருவதில்லை. எங்கள் சபைப் போதகரான ஐயர் வற்புறுத்திக் கேட்டு இதைப் பயணத்தில் சேர்த்திருந்தார். கி.மு. 701-இல் யூதா ராஜ்யத்தின்மேல் படையெடுத்து வந்த அசீரிய ராஜாவாகிய சனகெரிப், இந்தப் பட்டணத்தைப் பிடிப்பதற்காகப் போட்ட கொத்தளம், அதாவது படைகள் மதிலை எட்டும்படி குவித்த சரிவுமேடு அது. குனிந்து ஒரு கல்லின்மேல் கைவைத்தேன். உரித்த தேங்காயைவிடச் சற்றே பெரியது. ஒருவன் இரண்டு கைகளாலும் தூக்கி அடுத்தவனிடம் கொடுக்கத்தக்க அளவு. எத்தனை ஆயிரம் கைகள் மாறி இது மதில் உயரத்திற்கு வந்து சேர்ந்திருக்கும் என்று எண்ணியபோது உடல் சிலிர்த்தது.

ஐயர் இரண்டாம் இராஜாக்கள் 18, 19-ஆம் அதிகாரங்களை எடுத்து வாசித்தார். லாகீசிலிருந்து அனுப்பப்பட்ட சனகெரிப்பின் அதிகாரியாகிய ரப்சாக்கே எருசலேமின் மதிலருகே நின்று, மதில்மேலிருந்த ஜனங்களுக்கு விளங்கும்படி யூத பாஷையிலேயே நிந்தித்துப் பேசியதும், பின்பு சனகெரிப் ஸ்தானாபதிகளின் கையில் மிரட்டி நிருபம் அனுப்பியதும், யூதாவின் ராஜாவாகிய எசேக்கியா அதை வாசித்துவிட்டு ஆலயத்திற்குப் போய்க் கர்த்தருக்கு முன்பாக விரித்ததும் நாங்கள் சிறுவயது முதல் கேட்டுவரும் சரித்திரமே. ஆனால், ‘இதற்கு எதிராகக் கொத்தளம் போடுவதுமில்லை’ என்று எருசலேமைக் குறித்துக் கர்த்தர் உரைத்த வாக்கை அவர் வாசித்தபோது, என் கை லாகீசின் கொத்தளத்தின்மேல் இருந்தது. அந்த வசனம் அதற்கு முன் ஒருநாளும் எனக்கு இவ்வளவு பாரமாக இருந்ததில்லை. எருசலேம் தப்பியது, லாகீஸ் விழுந்தது. அங்கிருந்தவர்களும் அதே கர்த்தரை நோக்கிக் கூப்பிட்டிருக்க மாட்டார்களா?

சனகெரிப் தன் நினிவே அரண்மனைச் சுவர்களில் லாகீசின் வீழ்ச்சியைப் புடைப்புச் சிற்பங்களாகச் செதுக்குவித்தான். அவை இப்போது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றின் படமொன்றைக் கைபேசியில் கொண்டுபோயிருந்தேன். கொத்தளத்தின்மேல் ஏறும் மதிலிடிக்கும் யந்திரங்களையும் வில்வீரரையும்விட, மூட்டைகளோடு மாட்டுவண்டியில் உட்கார்ந்து ஊரைவிட்டுப் போகும் பெண்களும் பிள்ளைகளுமே என் கண்ணில் நின்றார்கள். யூதாவின் அரணான 46 பட்டணங்களைப் பிடித்ததாகவும், எசேக்கியாவைக் கூண்டுப் பறவையைப்போல் எருசலேமுக்குள் அடைத்ததாகவும் அவன் தன் கல்வெட்டில் பெருமை பாராட்டுகிறான். எருசலேமைப் பிடித்தேன் என்று மாத்திரம் எங்கும் சொல்லவில்லை.

நிருபத்தை விரித்த அந்த ஜெபம் எங்கள் வீட்டில் பழக்கமானது. கடன் கொடுத்தவர் அனுப்பிய நோட்டீசை என் தாயார் பாயின்மேல் விரித்து வைத்து, முழங்காற்படியிட்டு, ‘கர்த்தாவே, உமது கண்களைத் திறந்து பாரும்’ என்று அழுத இரவு எனக்கு நினைவிருக்கிறது. அந்த வீடு எங்களுக்குத் தக்கவில்லை. அடுத்து வாடகைக்குப் போன வீட்டிலும், முதல் இரவே, அதே பாயின்மேல் அவர் முழங்காற்படியிட்டார். ஏன் என்று நான் கேட்டதில்லை.

பிற்பகலில் எருசலேமில் தாவீதின் நகரத்துக்கு வந்து, எசேக்கியாவின் சுரங்கத்திற்குள் இறங்கினோம். முற்றுகைக் காலத்தில் சத்துருக்களுக்குத் தண்ணீர் அகப்படாதபடி, கீகோன் ஊற்றின் தண்ணீரை நகரத்திற்குள் திருப்புவதற்காக ராஜா செய்த வேலையைப் பற்றி வேதம் சொல்லுகிறது. சுரங்கத்தின் நீளம் 533 மீட்டர். நுழைந்தவுடன் தொடையளவு தண்ணீர். குளிர் எலும்புவரை ஏறியது. பிறகு தண்ணீர் முழங்காலுக்கும் கணுக்காலுக்குமாக இறங்கியது. இரண்டு தோள்களும் பாறையில் உரச, ஒருவர்பின் ஒருவராகத்தான் நடக்க முடியும். விளக்கைச் சுவரருகே பிடித்தபோது உளியின் தழும்புகள் வரிவரியாகத் தெரிந்தன. இரு முனைகளிலிருந்தும் வெட்டிக்கொண்டு வந்தவர்கள், இன்னும் மூன்று முழம் மீதியிருக்கையில், பாறைக்கு அப்பாலிருந்து ஒருவன் மற்றவனைக் கூப்பிடும் சத்தத்தைக் கேட்டார்கள் என்று 1880-இல் இங்கே கண்டெடுக்கப்பட்ட எபிரெயக் கல்வெட்டு கூறுகிறது. அது இப்போது இஸ்தான்புல்லில் இருக்கிறது.

நடுவழியில் ஐயர் எல்லா விளக்குகளையும் அணைக்கச் சொல்லி, அவரவர் தங்களுக்கு வந்திருக்கும் நிருபத்தைக் கர்த்தருக்கு முன்பாக மனதிற்குள் விரிக்கும்படி கூறினார். கும்மிருட்டில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டுமே கேட்டது. என் மகனுடைய வேலையைக் குறித்து ஜெபிக்கவேண்டும் என்று ஊரிலிருந்தே எண்ணிக்கொண்டு வந்திருந்தேன். வாயில் முதலாவது வந்ததோ லாகீசின் அந்த மாட்டுவண்டி. அதிலிருந்தவர்களை நீர் கண்டீர் அல்லவா என்று கேட்டேன். என் தாயாரின் பாயையும் கண்டீர் அல்லவா என்று கேட்டேன். அதன்பிறகே மகனுடைய பெயரைச் சொன்னேன்.

முன்னே நின்ற அம்மா ஒருவர் மெல்லிய குரலில் ‘ஸ்தோத்திரம்’ என்றார். விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. சுரங்கம் முடியும் சீலோவாம் குளத்துப் பக்கத்து வெளிச்சம் கண்ணில் படும்வரை ஒருவரும் பேசவில்லை.