பொது முகவரிக்குப் பின்னால் இருக்கும் ஆளைத் தேடி

நிறுவனம் மின்னஞ்சலில் அனுப்பும் மாதச் செய்திமடலை வேறு சேவைக்கு மாற்றும் வேலை என்னிடம் வந்தது. பட்டியலை ஏற்றியதும் ஒரு பகுதி முகவரிகளை அந்தச் சேவை ஏற்க மறுத்தது. எல்லாமே இன்ஃபோ, சேல்ஸ், சப்போர்ட், அக்கவுண்ட்ஸ் போன்ற சொற்களில் தொடங்குபவை, அதாவது தனி ஆளுக்கல்லாமல் ஒரு பிரிவுக்கான பொது முகவரிகள்.

மறுப்பில் நியாயம் இருக்கிறது. பொது இன்பாக்ஸை நாலு பேர் பார்ப்பார்கள். மடல் வேண்டும் என்று பதிந்தவர் ஒருவர், திறப்பவர் இன்னொருவர். அவருக்கு அது கேட்காமல் வந்த குப்பை. ஸ்பேம் என்று புகார் செய்துவிடுவார். ஜிமெயில் தனிநபர் கணக்குகளுக்கு மொத்தமாக அனுப்புவோர் புகார் விகிதத்தை 0.3 சதவீதத்துக்குள் வைக்க வேண்டும் என்பது 2024 முதல் விதி. ஆயிரத்துக்கு மூன்று பேர் போதும், அந்தக் கோட்டைத் தொட்டுவிடுவோம்.

முகவரிகளில் @ குறிக்கு முந்தைய பகுதியை எக்செல்லில் தனியாகப் பிரித்தேன். அப்யூஸ், போஸ்ட்மாஸ்டர் இரண்டையும் யோசிக்காமல் நீக்கினேன். 1997இல் வந்த ஆர்எஃப்சி 2142 என்ற இணையத் தரநிலை ஆவணம் அவற்றைப் புகாருக்கும் மெயில் கோளாறுக்கும் ஒதுக்கியிருக்கிறது. செய்திமடல் கேட்டு யாரும் அதில் பதிய மாட்டார்கள்.

மற்றவற்றை அப்படித் தூக்கிப்போட மனம் வரவில்லை. சின்ன நிறுவனங்களில் இன்ஃபோ முகவரி ஒன்றுதான் இருக்கும், முதலாளியே படிப்பார். பதிவான தேதியும் பதிந்த படிவமும் ஆதாரமாகக் கிடைத்தவற்றைத் தனியாக எடுத்து வைத்தேன். மடலில் கிளிக் ஆகியிருப்பதை வைத்து யாரோ படிக்கிறார்கள் என்று நம்பவில்லை. பல அலுவலகங்களின் பாதுகாப்பு வடிகட்டிகள் மடலில் உள்ள எல்லா இணைப்புகளையும் தாமாகவே திறந்து பார்க்கும்.

ஆதாரம் கிடைத்த அந்த முகவரிகளுக்கு என் சொந்த மெயிலிலிருந்தே ஒவ்வொன்றாக எழுதினேன்: “எங்கள் மாத மடல் இந்த முகவரிக்கு வருகிறது. அங்கே அதைப் படிப்பவர் யார்? வேண்டுமென்றால் உங்கள் சொந்த முகவரியில் அனுப்புகிறோம். பதில் இல்லையென்றால் நிறுத்திவிடுகிறோம்.”

பெரும்பாலானவர்கள் பதில் போடவில்லை, அவற்றை நிறுத்தினேன். ஒரு கணக்குப் பிரிவிலிருந்து வந்த பதில் மட்டும் மறக்காது: “இங்கே மூன்று பேர் படிக்கிறோம். முன்பு யாரோ விலகல் இணைப்பை அழுத்தி எல்லாருக்கும் நின்றுபோனது. மறுபடி பதிந்து வாங்கினோம்.” மூவரும் தனித்தனியே பதிந்துகொண்டார்கள். இனி ஒருவர் விலகினால் அவருக்கு மட்டும் நிற்கும்.

படிவத்தில் இப்போது பொது முகவரியைத் தடுப்பதில்லை. தட்டச்சு செய்ததும் ‘உங்கள் சொந்த முகவரி இருந்தால் தாருங்கள்’ என்ற வரி கீழே தோன்றும். எந்த முகவரியானாலும் உறுதிப்படுத்தும் மடலில் கிளிக் செய்தால்தான் பட்டியலில் சேரும். இன்வாய்ஸும் கட்டண நினைவூட்டலும் மட்டும் அக்கவுண்ட்ஸ் முகவரிக்கே போகின்றன. அவை அந்தப் பிரிவுக்கு உரியவை, யார் விடுப்பில் போனாலும் அங்கே ஒருவர் பார்ப்பார்.