இணையரின் மகளை என் வரிக் கணக்கில் சேர்த்த அனுபவம்

மிச்சிகனில் நோவை ஊரில் இருக்கிறோம். நான், என் இணையர், அவருடைய எட்டு வயது மகள். எங்களுக்குத் திருமணம் ஆகவில்லை. 2024 ஆகஸ்ட்டில் ஒரே வீட்டுக்கு வந்தோம். இணையர் வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகப் படிக்கிறார். வாடகை, சாப்பாடு, இன்ஷூரன்ஸ் எல்லாம் என் சம்பளத்தில்தான் ஓடுகிறது. இப்படி வளரும் பிள்ளையை வரிக் கணக்கில் டிபெண்டன்டாக, அதாவது நம்மைச் சார்ந்து வாழ்பவராகப் போடலாமா, போட்டால் என்ன கிடைக்கும் என்று தெளிவாகச் சொல்ல எனக்கு ஆள் கிடைக்கவில்லை. இந்த நிலையில் நம்மவர்கள் இன்னும் சிலர் இருப்பார்கள், வெளியே கேட்கத் தயங்குவார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் போனது பல வருடமாக எனக்கு டாக்ஸ் ஃபைல் செய்து தரும் ஒரு பெரியவரிடம். "தம்பி, வீட்டுல குழந்தை இருக்கு, 2,200 டாலர் வருமே, ஏன் விடணும்? ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்டுன்னும் போட்டுடலாம்" என்றார். மணமாகாமல் குடும்பத்தைத் தாங்குபவருக்கு வரி குறையும் வகை அது. கேட்க நன்றாக இருந்தது. ஆனால் கையெழுத்து என்னுடையது, பின்னால் கடிதம் வந்தால் பதில் சொல்ல வேண்டியவனும் நான்தான். இரண்டு நாள் பொறுங்கள் சார் என்று சொல்லிவிட்டு, அமெரிக்க வரித் துறையான ஐ.ஆர்.எஸ். வெளியிடும் 'பப்ளிகேஷன் 501'-ஐ எடுத்து உட்கார்ந்தேன். பெரியவர் சொன்ன இரண்டுமே தவறு.

விஷயம் இதுதான். வரிச் சட்டத்தில் டிபெண்டன்ட் இரண்டு வகை. ஒன்று குவாலிஃபையிங் சைல்ட். அதற்கு ரத்த உறவோ, திருமணம் வழியான உறவோ, தத்தோ, அரசு ஒப்படைத்த வளர்ப்போ வேண்டும். கல்யாணம் ஆகாத இணையரின் பிள்ளைக்கு நம்மோடு இதில் எதுவும் இல்லை. அதனால் 2025-க்கான 2,200 டாலர் சைல்ட் டாக்ஸ் கிரெடிட் (பிள்ளைக்காக வரியில் கழியும் தொகை) நமக்குக் கிடையாது. இன்னொன்று குவாலிஃபையிங் ரிலேட்டிவ். பெயர்தான் அப்படி, உறவே இல்லாதவர்கூட இதில் வரலாம். ஆனால் அவர் வருடம் முழுக்க நம் வீட்டில் நம்மோடு வாழ்ந்திருக்க வேண்டும். இந்த வழியில் வந்தால் கிடைப்பது 500 டாலர் கிரெடிட். இப்படி வீட்டில் வாழ்வதால் மட்டும் டிபெண்டன்ட் ஆனவரை வைத்து ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்டும் போட முடியாது. எவ்வளவு செலவு செய்தாலும் நான் சிங்கிள்தான்.

வருடம் முழுக்க என்றால் ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை. 2024-இல் ஆகஸ்ட்டில்தான் சேர்ந்தோம் என்பதால் அந்த வருடம் பேச்சே இல்லை. 2025 முதல் முழு வருடம். கோடை விடுமுறையில் பாப்பா மதுரையில் பாட்டி வீட்டில் இருந்தாள். அது தற்காலிகமாக வெளியே இருந்த கணக்கு, வருடத்தை உடைக்காது. போக வர டிக்கெட்டை மட்டும் எடுத்து வைத்தேன்.

அடுத்தது, பிள்ளையின் செலவில் பாதிக்கு மேல் நான் செய்திருக்க வேண்டும். பப்ளிகேஷன் 501-இல் இதற்கென்றே ஒரு கணக்குத் தாள் இருக்கிறது. சமையலறை மேசையில் பேங்க் ஸ்டேட்மென்டுகளைப் பரப்பி வைத்துப் போட்டோம். வாடகை மாதம் 2,100, வருடத்துக்கு 25,200. மளிகை, சாப்பாடு 10,800. கரண்ட், கேஸ், இன்டர்நெட் 3,000. ஆக 39,000. வீட்டில் மூன்று பேர், பாப்பாவின் பங்கு 13,000. அவளுக்கென்றே ஆன செலவு தனி: பள்ளி முடிந்தபின் பார்த்துக்கொள்ளும் இடம், பரதநாட்டிய வகுப்பு, துணிமணி, மருத்துவம், மதுரை டிக்கெட் எல்லாம் சேர்த்து 6,500. மொத்தம் 19,500. பாப்பாவின் அப்பா மாதம் 350 டாலர் அனுப்புகிறார், அது 4,200. இணையர் தன் சேமிப்பிலிருந்து போட்டது ஏறக்குறைய 1,000. மீதி 14,300 என்னுடையது. பாதி என்பது 9,750 என்பதால் சந்தேகத்துக்கு இடமில்லை.

பிள்ளையின் சொந்த வருமானம் 2025-க்கு 5,200 டாலருக்குக் கீழே இருக்க வேண்டும் என்பதும் ஒரு நிபந்தனை. எட்டு வயதுப் பிள்ளைக்கு அது பிரச்சினை இல்லை.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் வேறு. அந்தப் பிள்ளை வேறு எந்த வரி செலுத்துபவருக்கும் குவாலிஃபையிங் சைல்டாக இருக்கக் கூடாது. பாப்பா அவள் அம்மாவோடுதானே வாழ்கிறாள், அப்படியானால் அம்மாவின் குவாலிஃபையிங் சைல்ட் ஆகிவிட்டாளே? இங்கேதான் ஐ.ஆர்.எஸ். 2008-இல் வெளியிட்ட ஒரு அறிவிப்பு வழி விடுகிறது. பிள்ளையின் அம்மாவுக்கு ரிட்டர்ன் ஃபைல் செய்ய வேண்டிய கட்டாயம் இல்லாமல் இருந்து, அவர் ஃபைல் செய்யாமலே இருந்தாலோ, சம்பளத்தில் பிடித்த வரியைத் திரும்ப வாங்க மட்டும் ஃபைல் செய்தாலோ, இந்த விதிக்கு அவர் வரி செலுத்துபவராகக் கணக்கில் வர மாட்டார்.

படிக்கும்போது எளிதாக இருக்கிறது. எங்களுக்குத் திக்கென்றது வேறொரு இடத்தில். இணையர் வீட்டிலிருந்தே ஆரி வேலை செய்த ப்ளவுஸ் தைத்துக் கொடுப்பார், பொங்கல், தீபாவளி சமயத்தில் ஆர்டர் வரும். சொந்தத் தொழிலில் செலவு போக 400 டாலர் நின்றாலே ரிட்டர்ன் ஃபைல் செய்வது கட்டாயம். அவரே வரி செலுத்துபவர் ஆகிவிடுவார், பாப்பா அவருடைய குவாலிஃபையிங் சைல்ட் ஆகிவிடுவாள், என் க்ளெய்ம் அங்கேயே முடிந்துவிடும். நூல், மணி, துணி, ஃப்ரேம் என்று அவர் நோட்டில் எழுதி வைத்திருந்ததைக் கழித்துப் பார்த்தோம். 300-க்குக் கொஞ்சம் கீழே நின்றது. இந்தச் சின்ன வருமானம் நம்மவர் வீடுகளில் நிறைய இருக்கிறது: மாவு அரைத்து விற்பது, டியூஷன், மெஹந்தி, கேட்டரிங். தயவுசெய்து இதை முதலில் பாருங்கள்.

இன்னொன்றையும் கணக்குப் போடுங்கள். இணையரே பிள்ளையைப் போட்டு ஃபைல் செய்தால் எர்ன்ட் இன்கம் கிரெடிட் என்று, குறைவாகச் சம்பாதிப்பவருக்கு அரசு தரும் பணம் அவர் கைக்கு வரலாம். எங்களுக்கு அந்த 300 டாலருக்கு நூறு டாலரை ஒட்டித்தான் தேறும். ஆனால் பார்ட் டைமில் சில ஆயிரம் சம்பாதிக்கிறவர் என்றால் என் 500-ஐவிட அவர் போடுவதே லாபம். இரண்டையும் சேர்த்துச் செய்யவும் முடியாது. அந்த கிரெடிட்டை வாங்க அவர் ஃபைல் செய்த உடனே நமக்கான வழி அடைபட்டுவிடும்.

"கல்யாணம் ஆகாம சேர்ந்து இருக்கிறது மிச்சிகன்ல சட்டப்படி தப்பாச்சே?" என்றும் பெரியவர் கேட்டார். அது வெறும் வம்பு இல்லை. இருவரின் உறவு உள்ளூர்ச் சட்டத்தை மீறுவதாக இருந்தால் டிபெண்டன்டாகப் போட முடியாது என்று கூட்டரசு வரிச் சட்டத்திலேயே ஒரு வரி உண்டு. மிச்சிகனின் 1931-ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத்தில், மணமாகாமல் சேர்ந்து வாழும் ஆண் பெண் இருவருக்கு ஒரு வருடம் வரை சிறை என்ற பிரிவு கிடந்தது. 2023-இல்தான் சட்டமன்றம் அதை நீக்கி, ஆளுநர் கிரெட்சன் விட்மர் கையெழுத்திட்டார். நீக்கச் சொன்னவர்கள் எடுத்து வைத்த காரணங்களில் இந்த வரி விஷயமும் ஒன்று. யாரும் தண்டிக்கப்படாத பழைய சட்டம் என்றாலும் எங்களைப் போன்ற வீடுகளை அது கணக்குக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தது. அது போனதில் எனக்கு உண்மையான சந்தோஷம்.

சரி, என்ன கிடைத்தது? பாப்பாவுக்கு 500. அதே விதிகளின்படி இணையரும் எனக்கு டிபெண்டன்ட் ஆனதால் அவருக்கு 500. மிச்சிகன் வரியில் 2025-க்குத் தலைக்கு 5,800 டாலர் விலக்கு, வரி 4.25 சதவீதம், அதாவது ஒருவருக்கு ஏறக்குறைய 246 டாலர். பலர் கவனிக்காத பெரிய லாபம் இன்ஷூரன்ஸில் இருக்கிறது. கம்பெனி இன்ஷூரன்ஸில் இணையரையும் அவர் பிள்ளையையும் சேர்த்தால், கம்பெனி அவர்களுக்காகக் கட்டும் தொகையை நம் சம்பளமாகக் காட்டி வரி பிடிப்பார்கள். அவர்கள் வரிப்படி நம் டிபெண்டன்ட் என்றால் அது பிடிக்கப்படாது. எச்.ஆர். தரும் உறுதிமொழிப் படிவத்தில் அதற்கென்று கட்டம் இருக்கும், டிக் செய்து கையெழுத்துப் போட வேண்டும். கேட்டால்தான் அந்தப் படிவத்தையே எடுப்பார்கள்.

பிப்ரவரியில் நானே ஃபைல் செய்தேன். ரிட்டர்ன் திரும்பி வந்துவிட்டது. பாப்பாவின் சோஷியல் செக்யூரிட்டி நம்பரை (அரசு தரும் அடையாள எண்) ஏற்கெனவே ஒருவர் தன் ரிட்டர்னில் போட்டிருக்கிறார் என்றது. அவள் அப்பாதான். விவாகரத்துத் தீர்ப்பில் ஒற்றைப்படை ஆண்டுகளில் அவர் போடலாம் என்று இருக்கிறது, அதை வைத்துப் போட்டிருக்கிறார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பணம் தவறாமல் அனுப்புகிறவர், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பாப்பாவோடு பேசுகிறவர். ஆனால் தீர்ப்பில் இருப்பது மட்டும் ஐ.ஆர்.எஸ்.ஸுக்குப் போதாது. பிள்ளை யாரோடு வாழ்கிறதோ அந்தப் பெற்றோர் படிவம் 8332-இல் கையெழுத்திட்டுத் தர வேண்டும். இணையர் தந்ததில்லை. தந்திருந்தாலும், பெற்றோர் இருவரும் சேர்ந்து பிள்ளையின் செலவில் பாதிக்கு மேல் செய்திருந்தால்தான் அந்தச் சலுகையே பொருந்தும்.

நம்பர் இப்படி மோதினால் முன்பெல்லாம் காகிதத்தில் அச்செடுத்துத் தபாலில் அனுப்ப வேண்டும். 2025 சீசனிலிருந்து வேறு வழி வந்திருக்கிறது. ஐ.ஆர்.எஸ். தளத்தில் நம் கணக்குக்குள் போய் ஐபி பின் என்ற ஆறு இலக்க எண்ணை வாங்கி ரிட்டர்னில் போட்டால், ஆன்லைனிலேயே ஏற்றுக்கொள்கிறார்கள். அப்படித்தான் போனது, ரீஃபண்டும் வந்தது.

அப்புறம் சி.பி.87ஏ என்ற கடிதம் வந்தது. முதல் தடவை பார்ப்பவருக்கு வயிற்றைக் கலக்கும். இந்தப் பிள்ளையை இன்னொருவரும் போட்டிருக்கிறார், உங்கள் க்ளெய்ம் சரியென்றால் நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம், தவறென்றால் 1040-எக்ஸ் என்ற திருத்தப் படிவம் மூலம் திருத்துங்கள் என்பதுதான் அதன் சாரம். இரண்டு தரப்புக்கும் போகும். இருவரும் விட்டுக் கொடுக்காவிட்டால் தபாலிலேயே தணிக்கை வரலாம், அப்போது காகிதம் பேசும்.

எங்கள் கோப்பில் இருந்தது இவை: பாப்பாவின் பெயர் இருக்கும் லீஸ், குழந்தை மருத்துவர் அலுவலகக் கடிதம், அந்தச் செலவுத் தாள், வங்கிப் பக்கங்கள். பள்ளிக் கடிதத்தில் மட்டும் ஒரு நுணுக்கம். வரி ஆண்டு இரண்டு வகுப்புகளில் பரவிக் கிடக்கிறது, ஜனவரியில் இரண்டாம் வகுப்பு, செப்டம்பரில் மூன்றாம் வகுப்பு. பள்ளியில் முதலில் தந்த கடிதம் நடப்பு வகுப்பை மட்டும் சொன்னது. இரண்டு கல்வியாண்டும், எங்கள் முகவரியும், தேதிகளும் வருமாறு லெட்டர்ஹெட்டில் மாற்றி வாங்கினோம். அலுவலகத்தில் இருந்த அம்மா முகம் சுளிக்காமல் அடித்துக் கொடுத்தார்.

இணையர் பாப்பாவின் அப்பாவுக்கு இந்தக் கணக்குத் தாளையே அனுப்பினார். அவர் தன் கணக்கரிடம் (சி.பி.ஏ.) காட்டிவிட்டுத் தன் ரிட்டர்னைத் திருத்தி அனுப்பினார். அத்தோடு முடிந்தது.

இணையருக்குப் படிப்பு முடிந்து இந்தக் கோடையில் வேலை தொடங்குகிறது. 2026-க்கு அவரே ஃபைல் செய்ய வேண்டியிருக்கும், பாப்பாவை அவரே போடுவார், முழு சைல்ட் டாக்ஸ் கிரெடிட்டும் அவருக்குக் கிடைக்கும். வீட்டுச் செலவில் பாதிக்கு மேல் என்னுடையதாக இருக்கும்வரை அவரும் ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட் போட முடியாது. எச்.ஆரில் நான் கொடுத்த உறுதிமொழியை மாற்றச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், படிவம் வரவேண்டும்.