படுத்திருந்த ஞானப்பல்லை வெட்டி எடுத்த கதை

என்னுடைய கீழ் ஞானப்பல் நேராக முளைக்கவில்லை. முன்னால் இருந்த கடைவாய்ப்பல்லை முட்டிக்கொண்டு தாடை எலும்புக்குள் படுத்துக் கிடந்தது. அதன்மேல் கிடந்த முரசுக்குள், அதாவது ஈறுக்குள், சோறு போய்ச் சிக்கி அடிக்கடி வீங்கும். கராம்பு வைத்துக் கடி, உப்புத் தண்ணியில் கொப்பளி என்று பரந்தனில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். நோவு குறையும், பல் அங்கேயேதானே இருக்கும்! வாய் திறக்க முடியாமல் போன பிறகுதான் கிளிநொச்சிக்குப் பல் வைத்தியரிடம் போனேன்.

வீக்கத்தோடு அவர் கை வைக்கவில்லை. முதலில் கிருமிக்குக் குளிசை. மெற்றோனிடசோல் என்ற அந்தக் குளிசை போடும் நாட்களில் கள்ளு, சாராயம் தொடவே கூடாது என்று இரண்டு தரம் சொன்னார். எங்கள் பக்கம் அதைச் சொல்லத்தான் வேணும். பிறகு தாடை முழுவதையும் ஒரே படமாகக் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரே. பல் வேர் கீழ் உதட்டுக்குப் போகும் நரம்புக்குப் பக்கத்தில் இருந்தது. உதடு கொஞ்சக்காலம் விறைத்திருக்கலாம், அரிதாக அப்படியே நின்றுவிடவும் கூடும் என்று விளக்கித்தான் கையெழுத்து வாங்கினார்கள்.

துணைக்கு வந்த அம்மம்மாவின் இடுப்பில் வெற்றிலை பாக்கு வைக்கும் கொட்டப்பெட்டியைக் கண்டதும் வைத்தியர், "அம்மா, நீங்களும் ஒருக்கா வாயைத் திறவுங்கோ" என்றார். கன்னத்தின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். பாக்குப் போட்டுப் போட்டுக் கன்னம் இறுகி, வாய் திறக்க முடியாமல் போகும், அது புற்றுநோய்க்கும் வழிவிடும் என்றார். அம்மம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

வெட்டுகிற அன்று விறைப்பு ஊசி மட்டும்தான் நொந்தது. முரசைக் கீறி விலக்கி, தண்ணீர் பீச்சிக்கொண்டே எலும்பைக் கொஞ்சம் குடைந்து, பல்லைத் துண்டாக்கி எடுத்தார்கள். நோவில்லை, ஆனால் அழுத்தமும் சத்தமும் தலைக்குள் கேட்கும். பல் பிளந்தபோது 'டக்' என்றது, நான் கதிரையை இறுக்கிப் பிடித்தேன். அப்புறம் தையல், பஞ்சைக் கடித்தபடி அரை மணித்தியாலம் இருந்தேன்.

உண்மையான பாடு வீட்டில்தான். இரண்டாம் மூன்றாம் நாளில் வீக்கம் உச்சத்துக்கு வரும், பயப்படத் தேவையில்லை. முதல் நாள் துப்பக்கூடாது, கொப்பளிக்கக்கூடாது, ஸ்ட்ரோ வைத்து உறிஞ்சக்கூடாது. குழியில் உறைந்த இரத்தக்கட்டி கழன்றால் எலும்பு வெளியே தெரிந்து, காதுவரை குத்தும். சிகரெட் குடிப்பவர்களுக்கு அந்த ஆபத்து இன்னும் கூட. இளநீரைக் கோப்பையில் வார்த்துக் குடித்தேன். ஆறவைத்த கஞ்சி, சொதியில் ஊறிய இடியப்பம், அவ்வளவுதான். அடுத்த நாளிலிருந்து இளஞ்சூட்டு உப்புத் தண்ணியில் மெதுவாகக் கொப்பளிக்கலாம்.

தையல் வெட்டின பிறகும் குழி உடனே மூடாது, மாதக்கணக்கில் எடுக்கும். சோற்றுப்பருக்கை புகுந்தால் குச்சியால் கிண்டாதீர்கள். தையல் வெட்டியபோது தந்த ஊசியில்லாத சிரிஞ்சில் உப்புத் தண்ணி எடுத்துப் பீச்சினேன், வந்துவிட்டது.