ஈக்கு யாரும் ஃபாரம் கேக்கறதில்ல

அந்தப் பொண்ணு கேட்டது ஒரே கேள்விதான், ஆனா இன்னும் என்னை விடல. பழ ஈக்களை கார்பன் டை ஆக்ஸைடுல மயக்கி, மைக்ராஸ்கோப் அடியில பிரஷ்ஷால செவப்புக் கண்ணு ஒரு பக்கம், வெள்ளைக் கண்ணு ஒரு பக்கம்னு ஒதுக்கிக்கிட்டு இருந்தோம். எண்ணி முடிச்சதைக் கொல்றதுக்காக ஆல்கஹால் பாட்டில்ல தட்டிவிட்டேன்.

"மேடம், கண்ணு உருவாகக் காரணமான எலியோட பாக்ஸ்6 ஜீனை ஈயோட கால்ல வேலை செய்ய வெச்சா அங்கயே கண்ணு முளைக்குதுன்னு கிளாஸ்ல சொன்னீங்களே, எல்லாம் ஒரே வம்சம்னு. அப்புறம் ஏன் எலிக்கு எதிக்ஸ் கமிட்டி, ஈக்கு இந்த பாட்டில்?"

"ஈக்கு மூளை ரொம்ப சின்னதும்மா, வலி அந்த அளவுக்கு இருக்காது"ன்னு சொன்னேன். தலையாட்டிட்டு அடுத்த பாட்டிலை எடுத்துட்டா.

அந்த பதில் தப்புன்னு இப்பவும் நினைக்கல. எலி மூளையில சுமார் 7 கோடி நியூரான் (நரம்பு செல்), ஈக்கு 1.4 லட்சம்கூட முழுசா இல்ல. ஆக்டோபஸும் ஈயும் நமக்கு ஒரே அளவு தூரத்து சொந்தம்தான், 50 கோடி வருஷத்துக்கும் முன்னாடி அந்த ரெண்டுக்கும் பொதுவான கிளை நம்ம கிளையை விட்டுப் பிரிஞ்சிடுச்சு, இருந்தும் 2010ல ஐரோப்பிய யூனியன் ஆய்வக விலங்குச் சட்டத்துக்குள்ள ஆக்டோபஸ் வந்துச்சு, ஈ வரல. சொந்தமாங்கறது இல்ல, உணருமாங்கறதுதான் அங்க கணக்கு.

ஆனா 2019ல ஒரு ஆய்வு வந்துச்சு. காலை இழந்த ஈ, காயம் ஆறின பிறகும், முன்ன பொறுத்துக்கிட்ட சூட்டுலயே தப்பிக்கப் பாக்குதாம். நாம சொல்ற வலிதானான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. இல்லன்னும் எப்படிச் சொல்ல?

அதோட, அவ வலியைப் பத்தியே கேக்கலையோன்னு தோணுது. ஒரே வம்சம்னா அதுக்குன்னு ஒரு மரியாதை கிடையாதான்னுதானே கேட்டா, நான் நியூரானை எண்ணி பதில் சொல்லிட்டு வந்தேன். அதுக்காக வம்சத்தை மட்டும் பாத்தா ஈக்குத் தீனியா போடற ஈஸ்ட்டும் நம்ம சொந்தம்தான், எந்த வேலையும் நடக்காது. 1910ல மரபியல் விஞ்ஞானி மார்கன் கண்ணுல பட்ட அந்த வெள்ளைக் கண்ணு ஈயை வெச்சுத்தான் ஜீன் குரோமோசோம்ல இருக்குங்கறதே உறுதியாச்சு, அதை வேண்டாம்னு என்னால சொல்ல முடியாது.

ஆய்வுக்கு எடுக்கற விலங்குகளோட எண்ணிக்கையைக் குறைக்கணும்னு ரஸ்ஸல், பர்ச்னு ரெண்டு விஞ்ஞானிகள் 1959லயே சொன்னதை, எதிக்ஸ் கமிட்டிக்குக் குடுக்கற எலி ஃபாரத்துல மட்டும் எழுதிட்டு இருந்தோம். இப்ப ஈக்கும் தேவையான கிராஸ் (இனச்சேர்க்கை) மட்டும்தான் போடச் சொல்றேன், மயக்கம் தெளியறதுக்குள்ள பாட்டிலுக்குப் போயிடணும்னும் சொல்றேன். இது ஈக்காகவா, இல்ல அந்தப் பொண்ணு மறுபடி கேட்டா சொல்றதுக்கு ஏதாவது வேணும்னா, எனக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியல.