வைக்கலும் சோறும் ஒரே சீனிதான்

கொம்ப்ளெக்ஸ் காப், அதாவது சிக்கலான காபோவைதரேட்டு என்றால் மெதுவாகத்தான் சமிக்கும், இரத்தத்தில் சீனி ஏறாது என்று யூரியூப்பில் கேட்டுவிட்டு வந்து கிளிநொச்சியில் பாதிப் பேர் மற்றப் பாதிக்குப் புத்தி சொல்கிறார்கள். இது அரைகுறைக் கதை. இரசாயனப்படி வெள்ளைப் பச்சையரிசிச் சோறும் சிக்கலான காபோவைதரேட்டுத்தான், பாணும் அதுதான், ஏன், மாடு தின்கிற வைக்கலும் அதுதான்.

பள்ளிக்கூடத்தில் படித்த ஒருசக்கரைட்டு, இருசக்கரைட்டு, பல்சக்கரைட்டு எல்லாம் எத்தனை சீனி அலகு கோத்திருக்கிறது என்ற கணக்கு மட்டுமே. நடுவில் 3 முதல் 10 அலகு வரை உள்ள ஒலிகோசக்கரைட்டுகளை அவசரத்தில் தாண்டிவிடுவோம். கௌப்பி அவித்துத் தின்றால் வயிறு ஊதுகிறதே, அந்த ரஃபினோசும் ஸ்டாக்கியோசும் இந்தக் கூட்டம்தான், வெட்டுகிற நொதியம் எங்களுக்கு இல்லாததால் பெருங்குடல் பக்டீரியா பிடித்து வாயுவாக்கிவிடும்.

விஷயம் இருப்பது அந்த அலகுகளைக் கோக்கிற பிணைப்பில். அரிசி மாப்பொருளும் வைக்கல் செலுலோசும் முழுக்க முழுக்கக் குளுக்கோசு. மாப்பொருளில் அல்பா 1-4 பிணைப்பு (எண்கள் எந்தக் காபனோடு எந்தக் காபன் சேர்கிறது என்பதையும், அல்பா, பீற்றா பிணைப்பு எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்பதையும் சொல்லும்), எச்சில் பட்டவுடனேயே அதிலுள்ள அமைலேசு என்ற நொதியம் வெட்டத் தொடங்கும். செலுலோசில் பீற்றா 1-4, சங்கிலிகள் நேராக நீண்டு பக்கத்துச் சங்கிலியோடு ஐதரசன் பிணைப்பால் இறுகி நாராகிவிடும், எங்கட அமைலேசு அதைத் தொடாது. மாட்டுக்கும் அந்த நொதியம் சொந்தமாய் இல்லை, இரைப்பையில் இருக்கிற நுண்ணுயிர்கள்தான் அதற்காக உழைக்கின்றன. நந்திக்கடல் இறாலின் கோதில் உள்ள கைற்றினும் பீற்றா 1-4தான், ஆனால் அங்கே குளுக்கோசில் நைதரசன் கூட்டம் ஒன்று ஒட்டியிருக்கும்.

சரி, சோற்றுக்கு வருவோம். அதில் இரண்டு மாப்பொருள். அமைலோசு பெரும்பாலும் கிளையில்லாத சுருள். அமைலோபெக்டினில் ஏறக்குறைய 24 முதல் 30 அலகுக்கு ஒரு அல்பா 1-6 கிளை. அது விரிந்து நிற்பதால் நொதியம் இலகுவாய் நுழையும். ஆறின கஞ்சியில் ஒரு சொட்டு அயடீன் விட்டால் கருநீலம் படரும், அமைலோசுச் சுருளுக்குள் அயடீன் போய் உட்காருவதால். அமைலோசே இல்லாத ஒட்டரிசியில் செம்பழுப்புத்தான் வரும். அமைலோசு கூடிய அரிசி உதிரி உதிரியாய் வேகும், சமிப்பதும் பொதுவாக மெதுவாய்த்தான்.

இதையெல்லாம் சொல்ல, சித்தி கேட்டா: "அப்ப பழஞ்சோறு நல்லதோ?"

சோறு ஆறும்போது அவிழ்ந்த சங்கிலிகள் மறுபடி நெருங்கி அடுக்காகின்றன, அதில் ஒரு பங்கை அமைலேசால் வெட்ட முடியாமல் போகிறது. நெல்லைப் புழுக்கிக் காயவைக்கும்போதும் ஓரளவு இதேதான். ஆனால் அது ஒரு சிறு பங்குதான், மிச்சம் முழுக்கக் குளுக்கோசாகத்தான் இரத்தத்துக்குப் போகும்.

"நல்லதுதான் சித்தி. அதுக்காக ரெண்டு கோப்பை போடாதேங்கோ."